அலுவல் ஆங்கிலக் கடிதத்தில் சுருக்க ஸ்பெல்லிங்கைக் களைவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சுருக்கமான பதில் முதலில். வேலை விண்ணப்பம், புகார்க் கடிதம், கல்லூரிக்கு எழுதும் மனு, தேர்வுத்தாள் ஆகியவற்றில் ‘த்ரூ’ என்பதை டி-எச்-ஆர்-யூ என்று முடிக்கக் கூடாது. ‘நைட்’ என்பதை என்-ஐ-டி-இ என்று எழுதக் கூடாது. ‘யூ’ ஒற்றை எழுத்தாக நிற்கக் கூடாது. இதில் பேரம் இல்லை.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. குட்டையாக இருப்பதையெல்லாம் நீட்டினால் சரியாகிவிடும் என்று எண்ணி, நீட்டக் கூடாததையும் சிலர் நீட்டிவிடுகிறார்கள். இன்னும் சிலர் ஸ்பெல்-செக்கை மட்டும் நம்பி, அது கண்டுகொள்ளாத பிழைகளோடு கடிதத்தை அனுப்பிவிடுகிறார்கள். கீழே உள்ள படிகளின் வரிசை இந்த இரண்டையும் தடுக்கத்தான். குறிப்பாக, மூன்றாம் படியை முடிக்காமல் ஐந்தாம் படிக்குப் போகாதீர்கள்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே கடிதத்தை வைத்துக்கொள்வோம். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் எஸ்.பி.எம். (படிவம் ஐந்து இறுதித் தேர்வு) முடித்த ஒருவர், செம்பனைத் தோட்ட அலுவலகத்துக்குக் கிராணி (எழுத்தர்) வேலை கேட்டு எழுதும் ஒரு பக்கக் கடிதம் அது. ஆங்கில எழுத்துகளைப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறோம். வகுப்பில் ஸ்பெல்லிங் ஒப்பிப்பதுபோல் வாய்விட்டுப் படித்தால் குழப்பம் வராது.

தொடங்குமுன் மேசையில் இருக்க வேண்டியவை

எழுதி முடித்த கடிதத்தின் முதல் வரைவு. உங்கள் அடையாள அட்டை. வேலை விளம்பரம், அல்லது அந்த அலுவலகத்திலிருந்து வந்த ஏதாவது ஒரு கடிதம். நிறுவனத்தின் பெயரை எழுத்து மாறாமல் எடுக்க இது வேண்டும். ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லும் அகராதி ஒன்று. கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு இரண்டுக்கும் இணையத்தில் இலவசப் பதிப்பு உண்டு. கடைசியாக, அச்சடிக்க ஒரு தாளும் சிவப்புப் பேனாவும்.

முதல் முறை செய்பவர் முக்கால் மணி நேரம் ஒதுக்குவது நல்லது. கடிதம் எழுதும்போதே திருத்த வேண்டாம். எழுதுகிற கை வேறு, திருத்துகிற கண் வேறு. இரண்டையும் ஒன்றாக ஓட்டினால் இரண்டும் அரைகுறையாகும்.

1. எந்த மொழி, எந்த நாட்டு ஸ்பெல்லிங் என்று முடிவு செய்யுங்கள்

மலேசிய அரசு அலுவலகத்துக்கு எழுதுகிறீர்கள் என்றால் மலாயில் எழுதுங்கள். இந்த வழிகாட்டி தனியார் நிறுவனம், தனியார் கல்லூரி, வெளிநாட்டு அலுவலகம் போன்ற இடங்களுக்கு ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கானது.

மலேசியப் பள்ளிகளில் கற்பிப்பது பிரிட்டிஷ் ஸ்பெல்லிங். ‘லேபர்’ என்றால் எல்-ஏ-பி-ஓ-யூ-ஆர்; ‘சென்டர்’ என்றால் சி-இ-என்-டி-ஆர்-இ. யூ இல்லாத ‘கலர்’ சுருக்க ஸ்பெல்லிங் அல்ல. அது அமெரிக்காவின் முறையான ஸ்பெல்லிங். அங்கே நீதிமன்றத் தீர்ப்பிலும் அப்படித்தான் இருக்கும். டி-எச்-ஆர்-யூ அப்படியல்ல. அமெரிக்காவிலும் அது சாலைப் பலகைக்கும் கடைப் பலகைக்கும் உரியது.

இந்த வேறுபாடு தெரியாமல் இரண்டையும் ஒரே குற்றமாகப் பார்ப்பது புதியவர்களின் முதல் தடுக்கல். ஒரே கடிதத்தில் பிரிட்டிஷையும் அமெரிக்கனையும் கலக்காதீர்கள், அவ்வளவுதான். ‘ஆர்கனைஸ்’ போன்ற சொற்களில் எஸ் வருமா இசட் வருமா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பிரிட்டிஷ் முறையில் இரண்டுக்கும் இடமுண்டு. ஒன்றைப் பிடித்தால் கடைசிவரை அதையே பிடியுங்கள்.

2. கணினிக்கு மொழியைச் சொல்லுங்கள்

வேர்டில் கண்ட்ரோல்-ஏ அழுத்தி முழுக் கடிதத்தையும் தேர்ந்தெடுங்கள். பிறகு ‘ரிவியூ’, ‘லாங்குவேஜ்’, ‘செட் ப்ரூஃபிங் லாங்குவேஜ்’ என்று போய் ஐக்கிய அரசு ஆங்கிலத்தைத் தேர்வு செய்யுங்கள். அதே பெட்டியில் ‘ஸ்பெல்லிங், கிராமர் பார்க்காதே’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். கூகுள் டாக்ஸில் ‘ஃபைல்’ பட்டியலுக்குள் ‘லாங்குவேஜ்’ இருக்கிறது.

இதை முதலிலேயே செய்வதற்குக் காரணம் உண்டு. புலனத்திலிருந்தோ (வாட்ஸ்அப்) நண்பரின் பழைய கடிதத்திலிருந்தோ வெட்டி ஒட்டிய பத்தி, தன் பழைய மொழிக் குறியையும் சுமந்து வரலாம். மலாய் என்று குறித்த பத்தியில் ஆங்கிலப் பிழைக்கு ஒழுங்காகச் சிவப்புக் கோடு விழாது. கோடு இல்லாததைப் பார்த்துப் பிழையே இல்லை என்று நினைத்துக்கொள்வோம்.

3. பெயர்களுக்குப் பூட்டுப் போடுங்கள்

கடிதத்தில் உள்ள எல்லாப் பெயர்களையும் மஞ்சள் நிறத்தில் குறியுங்கள்: ஆள், நிறுவனம், ஊர், பள்ளி. மஞ்சளாக இருப்பதை அடுத்த எந்தப் படியிலும் தொடக் கூடாது.

உங்கள் பெயரிலிருந்து தொடங்குங்கள். ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ இரண்டும் சுருக்கம்தான். அதற்காக அலுவல் கடிதத்தில் ‘அனாக் லெலாக்கி’ (மகன்), ‘அனாக் பெரம்புவான்’ (மகள்) என்று விரிக்க வேண்டியதில்லை. அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். அப்பாவின் பெயரிலும் கை வைக்காதீர்கள். முனியாண்டி என்பதை எம்-யூ-என்-ஐ-ஏ-என்-டி-ஒய் என்று பதிந்திருப்பார்கள். உச்சரிப்புக்குச் சரியாக இருக்கட்டும் என்று நடுவில் ஓர் எழுத்தைச் சேர்த்தால், சான்றிதழில் ஓர் ஆள், கடிதத்தில் இன்னோர் ஆள் என்றாகிவிடும்.

நிறுவனப் பெயரில் ‘எஸ்-டி-என் பி-எச்-டி’ (‘செண்டிரியான் பெர்ஹாட்’, தனியார் நிறுவனம் என்பதன் மலாய்ச் சுருக்கம்) அப்படியே நிற்கும். கடைப் பெயரிலோ விற்பனைப் பொருளின் பெயரிலோ வேண்டுமென்றே குறுக்கிய ஸ்பெல்லிங் இருந்தால் அதுவும் அப்படியே. ‘பிக் ஆப்பிள்’ கடையில் வேலை பார்த்த அனுபவத்தை எழுதுகிறவர், அதன் பெயரிலுள்ள ‘டோனட்ஸ்’ என்ற சொல்லை அவர்கள் எழுதுவதுபோல் டி-ஓ-என்-யூ-டி-எஸ் என்றே எழுத வேண்டும். ‘யூ மொபைல்’ நிறுவனத்தின் ‘யூ’ ஒற்றை எழுத்துதான். அதை மூன்று எழுத்தாக்கினால் அப்படி ஒரு நிறுவனமே கிடையாது.

முகவரியில் மட்டும் நிலைமை தலைகீழ். நம் ஊர்களில் முகவரியைக் குறுக்கி எழுதியே கை பழகிவிட்டது: சுங்கைக்கு எஸ்-ஜி, லாடாங்குக்கு எல்-டி-ஜி, ஜாலானுக்கு ஜே-எல்-என், தாமானுக்கு டி-எம்-என், கம்போங்குக்கு கே-ஜி. உறையின் மேல் இவை ஓடும். கடிதத் தலைப்பில் முழுதாக எழுதுங்கள். கே-ஜி என்பதை வெளிநாட்டில் உள்ளவர் கிலோ என்றுதான் படிப்பார். ஆனால் ‘31100 சுங்கை சிப்புட் (யூ)’ என்பதில் உள்ள (யூ) ஊர்ப்பெயரின் பகுதி, ‘உத்தாரா’ (வடக்கு) என்பதைக் குறிப்பது. அதை விரிக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம். மஞ்சள் பூசி வையுங்கள். ஐந்தாம் படியில் இது எவ்வளவு முக்கியம் என்று தெரியும்.

4. மூன்று கூடைகளாகப் பிரியுங்கள்

மஞ்சள் இல்லாத இடங்களில் குட்டையாகத் தெரியும் ஒவ்வொரு சொல்லையும் ஒரு கூடையில் போட வேண்டும்.

முதல் கூடை, கைப்பேசிச் சுருக்கம். யூ, யூ-ஆர், பி-எல்-எஸ், பி-சி-ஓ-இசட், டி-எம்-ஆர், ‘டு’வுக்கு 2, ‘ஃபார்’க்கு 4. இவை எந்த அலுவல் கடிதத்திலும் நிற்காது. இந்தக் கூடையில் நம் ஊர் விளைச்சல் ஒன்று உண்டு: நன்றிக்கு டி-கியூ. இங்கே கிராணி முதல் மேனேஜர் வரை எல்லாருக்கும் புரியும் என்பதால்தான் அது கடிதத்துக்குள் நுழைகிறது. நாட்டைத் தாண்டினால் பலருக்கு அது என்னவென்றே தெரியாது. தெரிந்தவருக்கும், நன்றியைக்கூட அவசரத்தில் சொன்னதாகப் படும். ‘தேங்க் யூ’ என்று முழுதாக எழுதுங்கள். இரண்டு சொல், நடுவில் இடைவெளி. சேர்த்து ஒரே சொல்லாக எழுதுவதும் அடிக்கடி வரும் பிழை.

இரண்டாம் கூடை, பலகைச் சுருக்கம். த்ரூ (டி-எச்-ஆர்-யூ), தோ (டி-எச்-ஓ), நைட் (என்-ஐ-டி-இ), லைட் (எல்-ஐ-டி-இ). துரித உணவுக் கடையின் ‘டிரைவ்-த்ரூ’ பலகையிலும் பானப் போத்தலிலும் தினமும் பார்ப்பதால், இவை பிழை என்றே மனத்தில் படுவதில்லை. சந்தேகம் வந்தால் அகராதியைத் திறந்து, பொருளுக்கு முன்னால் இருக்கும் சிறு குறிப்பைப் பாருங்கள். ‘இன்ஃபார்மல்’ என்றிருந்தால் நீக்குங்கள். ‘யூ.எஸ்.’ என்று மட்டும் இருந்தால் அது அமெரிக்க முறை; முதல் படியின் முடிவைப் பின்பற்றுங்கள். சொல் அகராதியில் இருக்கிறதே என்று அங்கேயே நின்றுவிடாதீர்கள். அகராதி சொல்லைப் பதிவு செய்கிறது. அதை எங்கே எழுதலாம் என்பதை அந்தக் குறிப்புத்தான் சொல்கிறது.

மூன்றாம் கூடை, குட்டையாகத் தெரிந்தாலும் சரியானவை. ‘டில்’ (டி-ஐ-எல்-எல்) என்பது ‘அன்டில்’லின் சுருக்கம் அல்ல, அதைவிடப் பழைய சொல். தவறில்லை, ஆனால் அலுவல் கடிதத்தில் ‘அன்டில்’ கொஞ்சம் எடுப்பாக இருக்கும். அதற்கு ஓர் எல்தான். இரண்டு எல் போடுகிறவர்கள் ஏராளம். கணினி ‘ப்ரோகிராம்’ பிரிட்டிஷ் முறையிலும் ஓர் எம்மோடு முடியும். விழா நிகழ்ச்சி என்றால்தான் இரண்டு எம்மும் ஓர் இயும். ‘மிஸ்டர்’ எம்-ஆர், பிரிட்டிஷ் முறையில் புள்ளிகூட வேண்டாம். நேரத்துக்கு ஏ.எம்., பி.எம்., எண்ணுக்கு என்-ஓ எல்லாம் இருக்கலாம்.

‘டோன்ட்’, ‘காண்ட்’ போல நடுவில் ஒற்றைக்குறி போட்டுச் சேர்த்தவை ஸ்பெல்லிங் பிழை அல்ல, பேச்சு நடை. அலுவல் கடிதத்தில் பிரித்து எழுதுங்கள். ‘கானா’, ‘வானா’ (‘கோயிங் டு’, ‘வான்ட் டு’ இவற்றின் பேச்சு வடிவம்) இருந்தால் சொல்லை மட்டும் மாற்றினால் போதாது. வரியையே திருப்பி எழுத வேண்டியிருக்கும்.

5. ஒவ்வொன்றாகத் தேடுங்கள், மொத்தமாக மாற்றாதீர்கள்

இங்கேதான் அதிக விபத்து. கண்ட்ரோல்-எச் அழுத்தி, யூ இருக்கும் இடத்தில் ஒய்-ஓ-யூ என்று ‘ரிப்ளேஸ் ஆல்’ கொடுத்தால், கடிதத்தில் உள்ள ஒவ்வொரு யூவும் மாறும். ‘கோலாலம்பூர்’ என்ற பெயரின் ஆங்கில ஸ்பெல்லிங்கில் மட்டும் மூன்று யூ உண்டு. மூன்று இடத்திலும் ‘நீங்கள்’ முளைத்துவிடும்.

இதைக் கண்டவர்கள் ‘ஃபைண்ட் ஹோல் வேர்ட்ஸ் ஒன்லி’ கட்டத்தில் குறி போட்டுவிட்டு நிம்மதியாகிறார்கள். அப்போதும் தப்பாது. தனியாக நிற்கும் யூ எல்லாம் முழுச்சொல்லாகவே கணக்காகும். ‘யூ மொபைல்’ மாறும். சுங்கை சிப்புட் (யூ) என்பது சுங்கை சிப்புட் (நீங்கள்) ஆகிவிடும். ‘மேட்ச் கேஸ்’ குறியும் போட்டால் பெரிய எழுத்து யூ தப்பும். ஆனால் வரியின் தொடக்கத்தில் நீங்கள் போட்ட சுருக்க யூவும் பெரிய எழுத்தில்தான் இருக்கும். அதுவும் சேர்ந்து தப்பிவிடும்.

ஆகவே கண்ட்ரோல்-எஃப் மட்டும். ஒரு சொல்லைத் தட்டுங்கள், அது நிற்கும் இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள், மஞ்சளாக இருந்தால் தாண்டுங்கள், இல்லையென்றால் கையால் திருத்துங்கள். களையெடுப்பவர் நிரை பிடித்துப் போவதுபோல், ஒரு சொல்லை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். 2, 4 ஆகிய எண்களைத் தேடும்போது கூடுதல் கவனம் வேண்டும். வீட்டு எண், அடையாள அட்டை எண், தேதி எல்லாம் அதில் மாட்டும்.

6. மலாயிலிருந்து வந்தவற்றைப் பிடியுங்கள்

மற்ற நாட்டு வழிகாட்டிகளில் இந்தப் படி இருக்காது. நமக்கு இதுதான் பெரிய பள்ளம்.

மலாய் தன் இன்றைய எழுத்துமுறையை 1972-இல் ஏற்றது. ஒலிப்பதுபோல் எழுதுவது அதன் போக்கு. ஆங்கிலத்திலிருந்து எடுத்த சொற்களையும் அப்படியே எழுதுகிறது: டாக்சிக்கு டி-இ-கே-எஸ்-ஐ, லைசென்ஸுக்கு எல்-இ-எஸ்-இ-என், கவுண்டருக்கு கே-ஏ-யூ-என்-டி-இ-ஆர், ஃபார்மசிக்கு எஃப்-ஏ-ஆர்-எம்-ஏ-எஸ்-ஐ. மலாயில் இவை முழுக்க முறையானவை. பள்ளியிலும் கிளினிக்கிலும் பேருந்து நிலையத்திலும் இவற்றையே பார்த்து வளர்ந்த கை, ஆங்கிலக் கடிதத்திலும் இவற்றையே எழுதும். இதைச் சோம்பேறித்தனம் என்று ஆசிரியர்கள் திட்டுவது நியாயமில்லை. இரண்டு மொழியின் எழுத்துமுறை ஒரே கையில் கலப்பதன் விளைவு இது.

மேலே சொன்ன நான்குக்கும் சிவப்புக் கோடு விழும், பிடித்துவிடலாம். ஆபத்து, ஆங்கிலத்திலும் வேறு பொருளோடு இருக்கிற சொற்களில். மூன்றை மனப்பாடமே செய்துவிடுங்கள்.

ஆர்-இ-எஸ்-ஐ-டி. மலாயில் பணம் கட்டிய ரசீது. ஆங்கிலத்தில், தேறாத தேர்வை மறுபடி எழுதுவது. ‘எஸ்.பி.எம். சான்றிதழோடு ரிசிட்டையும் இணைத்துள்ளேன்’ என்று எழுதினால், ஒருமுறை தவறி மறுபடி எழுதியவர் என்று மேனேஜர் படிக்க இடமுண்டு. ஆங்கில ரசீதுக்கு ஆர்-இ-சி-இ-ஐ-பி-டி. அந்தப் பி ஒலிக்காது, ஆனால் இருக்க வேண்டும்.

எஃப்-ஏ-ஐ-எல். மலாயில் கோப்பு. ஆங்கிலத்தில் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. ‘என் ஃபைல் உங்கள் அலுவலகத்தில் உள்ளது’ என்று சொல்ல வந்தவர், தன் தோல்வி அங்கே இருப்பதாக எழுதிவிடுவார். எஃப்-ஐ-எல்-இ என்று திருத்துங்கள்.

பி-ஓ-எல்-ஐ-எஸ். மலாயில் காவல்துறை. ஆங்கிலத்தில் அது பண்டைய கிரேக்க நகர அரசைக் குறிக்கும் சொல். கடைசியில் சி-இ வர வேண்டும்.

மூன்றுமே உண்மையான ஆங்கிலச் சொற்கள் என்பதால், ஸ்பெல்-செக் இவற்றைப் பேசாமல் விட்டுவிடும். கண்ட்ரோல்-எஃப் போட்டு நீங்கள்தான் தேட வேண்டும்.

7. பொருளைப் பிரித்து விரியுங்கள்

இரண்டாம் கூடைக்குத் திரும்புவோம். டி-எச்-ஆர்-யூவை எங்கே கண்டாலும் முடிவை ‘ஓ-யூ-ஜி-எச்’ என்று மாற்றிவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். அந்த ஒரு சுருக்கம் மூன்று வேலை பார்க்கிறது.

‘மண்டே த்ரூ ஃப்ரைடே’ என்பது அமெரிக்க வழக்கு. நம் கடிதத்தில் ‘ஃப்ரம் மண்டே டு ஃப்ரைடே’. விடுப்புத் தேதி, பயிற்சித் தேதி போன்றவற்றில் கடைசி நாளும் சேர்த்தி என்று தெளிவாகச் சொல்ல வேண்டுமென்றால் ‘இன்குளூசிவ்’ என்று சேருங்கள். சம்பளக் கணக்கில் ஒரு நாள் குறைவது இந்த இடத்தில்தான்.

‘அப்ளை த்ரூ ஈமெயில்’ என்பதில் மலாயின் ‘மெலாலுய்’ (மூலம்) ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ‘பை ஈமெயில்’ என்பதே இயல்பு.

‘என் ஆசிரியர் மூலம் இந்த வேலையை அறிந்தேன்’ என்பதற்கு மட்டும்தான் முழு ‘த்ரூ’: டி-எச்-ஆர்-ஓ-யூ-ஜி-எச்.

விரிக்கும்போது வரும் புதிய பிழையைக் கவனியுங்கள். ‘தோ’வை நீட்டப் போய் நடுவில் ஓர் ஆரைச் சேர்த்து ‘த்ரூ’ ஆக்கிவிடுகிறார்கள். ‘த்ரூ’வை நீட்டப் போய் ஆருக்கு முன்னால் இன்னோர் ஓவைச் சேர்த்து ‘தரோ’ ஆக்குகிறார்கள். மூன்றுமே சரியான சொற்கள். மூன்றுக்கும் கோடு விழாது. வரியின் கடைசியில் ‘தோ’ தொங்கினால், சொல்லை நீட்டாமல் வரியைத் திருப்புங்கள்: ‘தூரம்தான், ஆனாலும்’ என்ற பொருளில் ‘ஆல்தோ’வை முன்னால் கொண்டுவந்தால் அலுவல் நடை தானாக வரும்.

இரவுக் காவல் வேலைக்கு எழுதுபவர்கள் ‘நைட் ஷிஃப்ட்’டில் என்-ஐ-ஜி-எச்-டி இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். கோயில் கமிட்டிக் கடிதங்களில் ஆர்-ஐ-டி-இ வந்தால் உடனே மாற்றாதீர்கள். சடங்கு என்ற பொருளில் அது முறையான சொல். ‘சரி’ என்ற பொருளில் வந்திருந்தால்தான் பிழை.

8. இப்போது ஸ்பெல்-செக்

எஃப்-7 அழுத்துங்கள். இவ்வளவு வேலைக்குப் பிறகு மிச்சம் இருப்பது தட்டச்சுப் பிழைதான். அதற்கு இயந்திரம் நல்ல வேலைக்காரன்.

உங்கள் பெயருக்கும் ஊருக்கும் கோடு விழும். ‘இக்னோர்’ கொடுங்கள். கைப்பேசியில் எழுதுபவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: விசைப்பலகை உங்கள் புலனப் பழக்கத்தைக் கற்றுவைத்திருக்கும். அடிக்கடி தட்டிய சுருக்கத்தை அது பிழையாகக் காட்டாது, தானே எடுத்தும் கொடுக்கும். முடிந்தால் கடைசித் திருத்தத்தைக் கணினியில் செய்யுங்கள்.

9. அச்சடித்துக் கடைசி வரியிலிருந்து படியுங்கள்

மேலிருந்து படித்தால் பொருள் இழுத்துக்கொண்டு போகும். கண் எழுத்தைப் பார்க்காது. கடைசி வரி, அதற்கு முந்தைய வரி என்று ஏறிப் படித்தால் ஒவ்வொரு சொல்லும் தனியாகத் தெரியும். பெயரையும் எண்ணையும் அடையாள அட்டையோடு வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். அனுப்புமுன் மஞ்சள் நிறத்தை நீக்க மறக்காதீர்கள். மின்னஞ்சலில் மஞ்சளோடு போன கடிதங்கள் உண்டு.

10. தேர்வுத்தாளும் மேற்கோளும்

எஸ்.பி.எம். ஆங்கிலம் இரண்டாம் தாளின் முதல் பகுதி சுமார் 80 சொற்களில் ஒரு மின்னஞ்சல். பெரும்பாலும் நண்பருக்குத்தானே, யூ போடலாமா என்று படிவம் ஐந்து மாணவர்கள் கேட்பார்கள். வேண்டாம். நெருக்கத்தை ‘ஐம்’, ‘டோன்ட்’ போன்றவற்றால் காட்டலாம். அவை அங்கே பொருந்தும். மொழிக்கும் மதிப்பெண் இருக்கும்போது, ஒற்றை யூவால் மிச்சமாவது இரண்டே எழுத்து. 125 முதல் 150 சொற்கள் கேட்கும் இரண்டாம் பகுதியிலும், 200 முதல் 250 சொற்கள் கேட்கும் மூன்றாம் பகுதியிலும் பேச்சுக்கே இடமில்லை. மியூட் (பல்கலைக்கழக நுழைவுக்கான ஆங்கிலத் தேர்வு) எழுத்துத் தாளுக்கும் இதே விதி.

சுருக்க ஸ்பெல்லிங்கைத் திருத்தவே கூடாத இடம் ஒன்று உண்டு: பிறர் அனுப்பிய செய்தியைச் சான்றாகக் காட்டும்போது. பணம் வாங்கி ஏமாற்றியவரின் புலனச் செய்தியைப் புகார்க் கடிதத்தில் சேர்க்கிறீர்கள் என்றால், அவர் எழுதிய யூவும் டி-எம்-ஆரும் அப்படியே மேற்கோள்குறிக்குள் இருக்கட்டும். பிழை உங்களுடையது அல்ல என்று காட்ட, அதன் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் எஸ்-ஐ-சி என்று போடுங்கள். ஒரு செய்திக்கு ஒருமுறை போதும். திருத்திய செய்தி கைப்பேசியில் உள்ளதோடு பொருந்தாது. பொருந்தாத சான்றை எதிர்த்தரப்பு முதல் கேள்வியிலேயே தட்டிவிடும்.